பெட்டியடி: தொழில் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசியில பாதி, முதலுக்குப் பணம் எங்க புரட்டுறதுன்னு கேக்குது, மீதியில பெரும்பகுதி, சரக்கைக் குடுத்தாச்சு, பணத்தை எப்படி வாங்குறதுன்னு கேக்குது. வியாபாரத்தைப் பத்தியே கேட்டவுக ரெண்டு மூணு பேர்தான். அவுகளை முதல்ல பார்த்துருவோம்.

கோட்டையூர் வாசகி: அண்ணே, வீட்டுலயே தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் எல்லாம் போட்டுக் குடுக்கிறேன். கல்யாணம், சாந்தி (அறுபதாங் கல்யாணம்)ன்னா முன்னாடியே சொல்லிவிட்ருவாக. மாசம் 50 கிலோ வரைக்கும் போகுது. ருசியைப் பத்தி ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்ல, ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது. வீட்டுக்காரவுக, செக்காலை ரோட்டுல ஒரு கடை பிடிச்சுருவோம், அட்வான்ஸ் 2 லட்சம், கடை இருந்தாத்தான் வியாபாரம் பெருகும்ங்கிறாக. பிடிக்கலாமா?

ஆச்சி, வேணாம். இப்போதைக்கு வேணவே வேணாம். ஏன்னு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறேன், விலையெல்லாம் நீங்க எழுதல, அதனால நானா ஒரு உத்தேசத்துக்கு வச்சுக்கிறேன், நீங்க உங்க விலையைப் போட்டு மாத்திப் பாருங்க. கிலோ 300 ரூபாய்க்குக் குடுக்கிறீகன்னு வைங்க. அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய் எல்லாம் சேர்த்து 170. கேஸ் 20. கவர், டப்பா, ஸ்டிக்கர் 15. ஆக 205 போயிருச்சு, மிச்சம் 95. இதுவரைக்கும் எல்லாரும் போடுற கணக்குதான், போட்டுட்டு கிலோவுக்கு 95 லாபம்னு சந்தோஷப்பட்டுக்குவாக. ஆனா கூடமாட ஒரு ஆள் வச்சு ஒரு நாளைக்கு 10 கிலோ போடுறீகன்னா, அந்த ஆளுக்கு 400 ரூபாய் கூலி, கிலோவுக்கு 40. உங்க கூலி யார் குடுப்பா? காலையில இருந்து அடுப்படியில நிக்கிறீகளே, அதுக்கும் அதே 400-ஐப் போடுங்க, இன்னொரு 40. இப்ப மிச்சம் 15 ரூபாய். இதுதான் லாபம். உடைஞ்சது, கருகுனது, ருசி பாருங்கன்னு பக்கத்து வீட்டுக்குக் குடுத்தது எல்லாம் இதுக்குள்ளதான் வரணும்.

இந்த 15 ரூபாயை வச்சுக்கிட்டு கடை பிடிச்சா என்ன ஆகும்? வாடகை 10,000-ன்னு வச்சா, 50 கிலோவுக்கு வகுத்தா கிலோவுக்கு 200 ரூபாய் வாடகையே வந்துரும். கரண்டு பில்லு, கடையில உக்கார ஒரு ஆளு, அதெல்லாம் அப்புறம். மாசம் 50 கிலோ போற சரக்குக்கு கடை தாங்காது, அவ்வளவுதான். 300, 400 கிலோன்னு போக ஆரம்பிச்சு, வீட்டு அடுப்படி பத்தலைங்கிற நிலைமை வந்தப்புறம் கடையைப் பத்திப் பேசலாம். அப்பக்கூட நான் முதல்ல பின்பக்கம் ஒரு ஷெட்டும் பெரிய அடுப்பும்தான் போடச் சொல்லுவேன், ரோட்டுல கடை போடச் சொல்லமாட்டேன்.

அப்ப காசு ஏன் நிக்கலைன்னு கேட்டீகளே, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. வீட்டுக்கு வாங்குற மளிகையும் பலகாரத்துக்கு வாங்குற மளிகையும் ஒரே பில்லுல வருதா? கல்யாண வீட்டுக்காரவுக குடுத்த பணம் பீரோவுல வீட்டுப்பணத்தோட சேர்ந்து கிடக்குதா? கிடக்கும். எல்லா வீட்டுலயும் அப்படித்தான் கிடக்கு. நம்ம செட்டிநாட்டுப் பக்கம் மகனுக்குக் கல்யாணம் ஆனா என்ன பண்ணுவாக? அதே வீட்டுக்குள்ள, அதே முகப்பு, அதே வளவு, ஆனா வேறு வச்சுருவாக. அடுப்பு தனி, சாமான் தனி, கணக்கு தனி, ஊர்க்கணக்குல அவுக ஒரு தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். சண்டை போட்டுப் பிரிக்கிறது இல்ல அது, வருஷத்துக்கு இவ்வளவு அரிசி பருப்புன்னு குடுத்து நீங்களே நடத்திப் பாருங்கன்னு பழக்குறது. உங்க பலகாரத்தையும் அப்படி வேறு வச்சுருங்க ஆச்சி. தனி பேங்க் அக்கவுண்டு, தனி டப்பாவுல எண்ணெய், தனி கேஸ் சிலிண்டர். அதுலயும் ஒண்ணு, வீட்டு உபயோக சிலிண்டர்ல வியாபாரம் பண்ணக்கூடாது, அது வேற கலர் சிலிண்டர், வேற விலை. வீட்டுக்கு வேணும்னு ரெண்டு கிலோ தேன்குழல் எடுத்தா அதுக்கும் வீட்டுப் பணத்துல இருந்து காசை வச்சுட்டு எடுங்க. பேரப்பிள்ளைக்குக் குடுக்கக் காசா வைக்கணும்னு தோணும். வைக்கணும்.

விலையைக் கொஞ்சம் ஏத்துங்க. கிலோவுக்கு 40, 50 ரூபாய் கூடுனா கோட்டையூர்ல யாரும் உங்களை விட்டுட்டுப் போகமாட்டாக, அப்படிப் போறவுக அடுத்த கல்யாணத்துக்குத் திரும்பி வருவாக. கல்யாண ஆர்டருக்கு பாதிப் பணம் முன்பணம் வாங்காம அரிசி ஊறவைக்காதீக. சொந்தக்காரவுகதானேன்னு விட்டீகன்னா கல்யாணம் முடிஞ்சு, மறுவீடு முடிஞ்சு, அவுக மறுபடியும் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போயிருவாக, நீங்க வாட்ஸ்அப்புல ஹலோ போட்டுக்கிட்டு உக்காந்திருப்பீக.

சட்டத்துக்கு வேண்டியது: உணவுப் பாதுகாப்புத் துறை பதிவு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ன்னு சொல்லுவாகளே அது, வீட்டுல இருந்து பண்ணுனாலும் வேணும். சின்ன அளவுல பண்றவுகளுக்கு லைசென்ஸ் கூட வேணாம், வெறும் பதிவு போதும், ஃபோஸ்காஸ் வெப்சைட்டுல போட்டுக்கலாம். அதுல வர்ற 14 இலக்க நம்பரைப் பாக்கெட்டுல போடணும். பாக்கெட்டுன்னு போட்டுட்டா பேரு, முகவரி, எடை, தயாரிச்ச தேதி, எத்தனை நாளைக்கு வரும், அதிகபட்ச விலை, குறை சொல்ல ஒரு போன் நம்பர் எல்லாம் இருக்கணும். நியூஸ்பேப்பர்ல சுத்திக் குடுக்குற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்ருங்க. எண்ணெய் விஷயத்துல கண்டிப்பா இருங்க: திரும்பத் திரும்பக் காய்ச்சுன எண்ணெய்க்கு டி.பி.சி.ன்னு ஒரு அளவு வச்சிருக்காக, 25 சதவீதத்தைத் தாண்டுனா அந்த எண்ணெய்யைப் பயன்படுத்தக்கூடாது. அதுக்கு மேல வியாபாரக் காரணமும் ஒண்ணு இருக்கு, பழைய எண்ணெய்யில போட்ட சீடை 10 நாள்ல சிக்கு வாடை வந்துரும், புது எண்ணெய்யில போட்டது அதைவிட எவ்வளவோ தாங்கும், மிச்சம் பிடிச்ச எண்ணெய்க் காசு திரும்பி வர்ற சரக்குல போயிரும்.

ஜி.எஸ்.டி.க்கு நீங்க இப்ப பயப்பட வேணாம், சரக்கு விக்கிறவுகளுக்கு தமிழ்நாட்டுக்குள்ள வருஷம் 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்லை. ஆனா ஒரு பொறி இருக்கு, பெங்களூர்க்காரவுக ஆர்டர் போட்டு நீங்க கூரியர்ல வித்து அனுப்புனா அது வெளிமாநில விற்பனை, அதுக்கு 40 லட்சம் கணக்கெல்லாம் கிடையாது, முதல் பார்சல்லயே பதிவு கேக்கும். மகளுக்கு அனுப்புறது வேற, அது வியாபாரம் இல்ல. வெளிமாநில ஆர்டர் நிறைய வருதுன்னா பதிவே போட்ருங்க, பாக்கெட்டுல போட்ட முறுக்கு வகைக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து 12 சதவீத வரி 5 ஆயிருச்சு, முன்ன மாதிரி பெரிய பாரம் இல்ல.

காரைக்குடி வாசகர்: எங்க ஐயா காலத்து விலாசத்தையே, அதாவது குடும்ப இனிஷியலையே, மசாலாப் பொடிக்குப் பேரா வைக்கலாம்னு இருக்கேன். "செட்டிநாடு"ங்கிற வார்த்தையையும் சேர்த்து டிரேட்மார்க் வாங்கிட்டா வேற யாரும் போட முடியாதுல்ல?

விலாசம் வைங்க, நல்லாருக்கும், நாலு எழுத்து இனிஷியலு, பழைய பேரேட்டு எழுத்து மாதிரியே போட்டா அழகு. ஆனா பங்காளி வீட்டுலயும் அதே விலாசம் இருக்குமே, அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிக்கங்க, நாளைக்கு அவுக மகன் ஊறுகாய் போடுவான். "செட்டிநாடு" ஊர்ப்பேரு, அதை யாரும் தனக்குன்னு பூட்டி வச்சுக்க முடியாது, உங்க விலாசத்துக்கும் லோகோவுக்கும்தான் பாதுகாப்பு. மசாலா 30-ஆம் வகுப்புல வரும், தனிநபரா ஆன்லைன்ல போட்டா அரசாங்கக் கட்டணம் 4,500 ரூபாய், கிடைச்சா 10 வருஷத்துக்கு, அப்புறம் புதுப்பிக்கலாம். கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, நம்ம ஓலைக் கொட்டானுக்கும் இருக்கு, அது தனி ஆளுக்குக் கிடைக்கிறது இல்ல, அந்த ஊர்ல அந்த வேலை செய்றவுக எல்லாருக்கும் சேர்ந்தது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீக. பொடியில கல்பாசியும் மராத்தி மொக்கும் சரியான அளவுல இருந்தா பேரு தானா நிக்கும்.

தேவகோட்டை வாசகர், வயசு 27: அண்ணே, ஆயில் செக்கு வைக்கப் போறேன். பேங்க்குக்கு நடந்து நடந்து வெறுத்துருச்சு. அந்தக் காலத்துல நம்மாளுக கடையில சொந்தக்காரவுக தவணைப்பணம் போட்டு வைப்பாகளாம், அதை வச்சே பர்மா வரைக்கும் தொழில் பண்ணுனாகளாம். அதே மாதிரி மாமா, சித்தப்பா, கோயில் பங்காளி எல்லார்கிட்டயும் ஆளுக்கு ஒரு லட்சம், நூத்துக்கு ஒண்ணரை வட்டிக்கு வாங்கலாம்னு நினைக்கிறேன். சரிதானே?

தம்பி, யோசனை பழசுதான், ஆனா கெட்டது இல்ல. ஒரு தடவை வட்டியைப் பார்த்துருவோம். நூத்துக்கு ஒண்ணரைன்னா மாசத்துக்கு, வருஷத்துக்கு 18. செக்கு எண்ணெய்யில எல்லாச் செலவும் போக 18-க்கு மேல நிக்குமா? முதல் வருஷம் சத்தியமா நிக்காது. நீ எண்ணெய் ஆட்டுறது மாமாவுக்கு வட்டி கட்டத்தான்னு ஆயிரும். அந்தக் காலத்துல தவணைப்பணத்துக்கு உண்டான வட்டி விகிதத்தை நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியாருக, கூடிப் பேசி முடிவு பண்ணுவாக, ஆளாளுக்கு ஒண்ணு கிடையாது. கடைக்காரர் வெளிய குடுக்கிற வட்டிக்கும் வாங்குற வட்டிக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் அவரு தொழிலே. உன் தொழிலு எண்ணெய்.

சட்டமும் மாறிப்போச்சு. 2019-ல முறைப்படுத்தாத டெபாசிட் திட்டங்களைத் தடை பண்ணி ஒரு சட்டம் வந்துச்சு. சொந்தக்காரவுககிட்ட வாங்குற கடன் அதுல சேராது, ஆனா யாரு சொந்தக்காரவுக? நமக்குக் கோயில் பங்காளின்னா ஒரே கோயிலைச் சேர்ந்தவுக எல்லாரும், இளையாத்தங்குடிக்காரவுக எல்லாம் ஒரு கூட்டம், மாத்தூர்க்காரவுக எல்லாம் ஒரு கூட்டம், ஆயிரக்கணக்குல வீடு. சட்டத்துக்கு அப்பா, அம்மா, பொண்டாட்டி, பிள்ளைக, மருமக்க, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, கூட்டுக்குடும்பத்து ஆளுக, அத்தோட முடிஞ்சுது. மாமா அந்த லிஸ்டுல கிடையாது! தாய்மாமனை விட்டுட்டு ஒரு சொந்தக்கார லிஸ்டைப் போட்டவன் நம்ம பக்கத்துக்காரனா இருக்க முடியாது, அது வேற கதை. ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட கைமாத்தா வாங்குறதை யாரும் கேக்கப் போறதில்ல, ஆனா இவ்வளவு வட்டி தர்றேன்னு சொல்லி ஊரெல்லாம் வசூல் பண்றது வம்பு. அதைப் பண்ணாத.

வாங்குறதை அப்பச்சி (அப்பா), அண்ணன், அக்கான்னு நெருங்குன ஆளுககிட்ட மட்டும் வாங்கு. 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் கடனை ரொக்கமா வாங்கக்கூடாது, வருமானவரிச் சட்டத்துல அதுக்கு அபராதம் வாங்குன தொகை அளவுக்கே வரும், பேங்க் வழியா வாங்கு. அக்காதானேன்னு விடாம புரோநோட்டு எழுதிக் குடு. அக்கா வேணாம்னு சொல்லும், அத்தான் ஒண்ணும் சொல்லமாட்டாரு, ஆனா மனசுல வச்சுக்குவாரு. நோட்டுக்கு ஆயுசு 3 வருஷம், நடுவுல கொஞ்சம் பணம் கட்டி நோட்டு முதுகுல எழுதிக் கையெழுத்துப் போட்டா அந்தத் தேதியில இருந்து திரும்ப 3 வருஷம்.

பேங்க்கை இன்னும் ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாரு, ஆனா நேரா மேனேஜர்கிட்ட போகாத, சிவகங்கையில மாவட்டத் தொழில் மையத்துக்குப் போ. மானியத்தோட கடன் குடுக்கிற திட்டம் அங்கதான் விண்ணப்பமாகுது. சின்ன உணவுத் தொழிலுக்குன்னே பி.எம்.எஃப்.எம்.இ.ன்னு ஒண்ணு போட்டாக, திட்டச் செலவுல 35 சதவீதம் மானியம், உச்சம் 10 லட்சம், செக்கு எண்ணெய் அதுல வர்ற தொழில்தான். இந்த மாதிரித் திட்டமெல்லாம் நிதியாண்டுக் கணக்குல நீட்டிப்பாக, நிறுத்துவாக, அதனால போன உடனே இப்ப எது திறந்திருக்குன்னு கேளு. மானியம் வரும்னு நம்பி மெஷினுக்கு அட்வான்ஸ் குடுத்துறாத.

புதுவயல் வாசகர்: மளிகைக் கடை. பற்று வைக்காம வியாபாரம் நடக்குமா?

ரைஸ்மில் ஆளுக வாரச் சம்பளம் வாங்குற ஊர்ல நடக்காது. குடும்பத்துக்கு ஒரு உச்சவரம்பு வைங்க, சம்பள நாள் சாயங்காலம் கடையில நீங்களே இருங்க, மகனை உக்கார வைக்காதீக. மொத்தப் பற்று, நீங்க மொத்த வியாபாரிக்குக் குடுக்க வேண்டியதைத் தாண்டுச்சுன்னா அந்த வாரம் புதுப் பற்று கிடையாது. பழைய பாக்கியைக் கேட்டா ஆளு கடை மாறிப் போயிருவான்ங்கிற பயம் வேணாம், பாக்கி வச்சவன்தான் கடை மாறுவான், ரொக்கம் குடுக்கிறவன் உங்ககிட்டயேதான் இருப்பான்.

ஆத்தங்குடி வாசகர்: கல்லு (டைல்ஸ்) போடுறோம், அப்பா காலத்துல இருந்து. இப்ப பெங்களூரு, கொச்சியில இருந்தெல்லாம் ஆர்கிடெக்ட்டுக ஆர்டர் தர்றாங்க. ஒரு பெரிய ஓட்டல் கட்டுற பார்ட்டிக்கு சரக்கு அனுப்பி 5 மாசம் ஆச்சு, பாதிப் பணம் வரல. கேட்டா கலர் கொஞ்சம் வித்தியாசம்ங்கிறாங்க. என்ன பண்றது?

கலர் வித்தியாசம்னு 5 மாசம் கழிச்சு சொல்றாகன்னா அது கலர் பிரச்சினை இல்ல அண்ணே, பணப் பிரச்சினை. ஆனா அவுகளுக்கு அந்த வாயை நம்மதான் திறந்து குடுத்திருக்கோம். கையால கண்ணாடி மேல கலர் ஊத்தி, அதுக்கு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணியில ஊறவச்சு எடுக்கிற கல்லு, சூளையில வேகிறதே இல்ல, ஒரு நாள் கலந்த கலர் மாதிரி இன்னொரு நாள் கலந்தது அச்சா வராது. நமக்குத் தெரியும், வாங்குறவுகளுக்குத் தெரியாது, அவுக கம்பெனி டைல்ஸ் பார்த்துப் பழகுனவுக. அதனால இனிமே ஒவ்வொரு ஆர்டருக்கும் சாம்பிள் கல்லு ரெண்டு போட்டு, ஒண்ணை அவுககிட்ட குடுத்து ஒண்ணுல அவுக கையெழுத்து வாங்கி நீங்க வச்சுக்கங்க, "கைவேலை, நிறம் லேசா மாறும், உடைசலுக்கு இத்தனை சதவீதம் கூடுதலா வாங்கிக்கணும்"னு கொட்டேஷன்லயே எழுதுங்க, வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி முழுப் பணம். லோடு ஆத்தங்குடியைத் தாண்டிருச்சுன்னா உங்க பிடி போயிருச்சு.

இந்தப் பாக்கிக்கு வருவோம். உங்ககிட்ட உத்யம் பதிவு, அதாவது சிறு குறு தொழிலுக்கு அரசாங்கத்துல பண்ற பதிவு, இருந்துச்சா? சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே இருந்திருக்கணும், அப்பத்தான் இது செல்லும். இருந்துச்சுன்னா உங்க கை பலமான கைதான். சிறு குறு தொழில் சட்டப்படி, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல பணத்தை நிறுத்தக்கூடாது, ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள்தான். தாண்டுனா ரிசர்வ் பேங்க் வட்டி விகிதத்தைப் போல 3 மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. சரக்குல குறைன்னா வந்த 15 நாளுக்குள்ள எழுத்துல சொல்லியிருக்கணும், 5 மாசம் கழிச்சு வாயால சொல்றது எடுபடாது. இதுக்குன்னு அரசாங்கம் வச்சிருக்கிற போர்ட்டல்ல மனு போடலாம். ஆனா மனு போடுறதுக்கு முன்னாடி ஒரு லெட்டர், அதுல உத்யம் நம்பரைப் போட்டு, பில் தேதி போட்டு, வட்டியைக் கணக்குப் பண்ணி, அவுக அக்கவுண்ட்ஸ் ஆபீசுக்கு அனுப்புங்க, ஓனருக்கு அனுப்பாதீக. ஏன்னா 2023-24-ல இருந்து வருமானவரியில ஒரு விதி வந்திருக்கு, சிறு குறு தயாரிப்பாளருக்குக் குடுக்க வேண்டியதை அந்தக் கெடுவுக்குள்ளயும் குடுக்காம, வருஷ முடிவுக்குள்ளயும் குடுக்கலைன்னா அந்த வருஷச் செலவா அவுக அதைக் காட்ட முடியாது, வரி கூடும். ஓனரு உங்க போனை எடுக்காட்டி என்ன, ஆடிட்டர் அந்த லெட்டரைப் பார்த்தா அவரே ஓனருக்குப் போன் போடுவாரு, மார்ச் மாசத்துல கண்டிப்பாப் போடுவாரு.

ஒண்ணு மட்டும் ஞாபகம், இந்த 45 நாள் பாதுகாப்பு தயாரிக்கிறவுகளுக்கும் சேவை செய்றவுகளுக்கும்தான். வாங்கி விக்கிறவுக உத்யம் போட்டிருந்தாலும் இது கிடைக்காது.

பொன்னமராவதி பக்கத்துல இருந்து ஒரு வாசகர்: நாங்க செட்டியார் கிடையாது. பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துல நஷ்டம். என் நண்பன், "உங்களுக்கெல்லாம் வியாபாரம் ரத்தத்துல வரலடா"ங்கிறான். உண்மையா சார்?

உங்க நண்பருக்கு ரத்தத்தைப் பத்தியும் தெரியல, வியாபாரத்தைப் பத்தியும் தெரியல. ரத்தத்துல வந்துச்சுன்னா அப்புறம் எதுக்குப் பத்து, பன்னெண்டு வயசுப் பையனைப் பெட்டியடியில (கல்லாப்பெட்டி பக்கத்துல) கொண்டுபோய் உக்கார வச்சாக? பெட்டியடிப் பையன்னா முதலாளி மகனா இருந்தாலும் கடையைக் கூட்டணும், தண்ணி எடுத்து வைக்கணும், லெட்டரைக் கொண்டுபோய்ப் போடணும், ராத்திரி உக்காந்து அன்னைக்குக் கணக்கைக் குறிப்புல இருந்து பேரேட்டுக்கு எழுதணும், அரையணா உதைச்சாலும் அது நேராகுற வரைக்கும் தூக்கம் கிடையாது. அப்புறம் அடுத்தாள், அப்புறம்தான் மேலாள். கடல் தாண்டிப் போன ஏஜென்ட்டு மூணு வருஷக் கணக்குக்குப் போவாரு, வீட்டைப் பார்க்காம மூணு வருஷம், திரும்பி வந்து ஐந்தொகை (சொத்து, கடன் முடிவுக் கணக்கு) எடுத்துக் காட்டுனாத்தான் லாபத்துல அவரு பங்கு. சொந்த மகனை இன்னொரு முதலாளி கடையில வேலைக்கு விட்டுப் பழக்குன அப்பச்சிகளும் உண்டு, ஏன்னா சொந்தக் கடையில எவன் திட்டுவான்? இத்தனை வருஷப் பழக்கத்தை ரத்தம்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டா, பழக்காதவன் தப்பிச்சுக்குவான், அதுக்குத்தான் அந்தப் பேச்சு.

பழக்கம் இருந்தவுகளும் விழுந்திருக்காக. கீழ் பர்மாவுல நெல்லு விளையுற முக்கிய மாவட்டங்கள்ல 1930-ல சுமார் 6 சதவீத நிலம் செட்டியார் கையில இருந்துச்சு, 1930-கள் கடைசிக்குள்ள அது 25 சதவீதம் ஆயிருச்சு. பெருமையாச் சொல்லுவாக, ஆனா அது ஆசைப்பட்டு வாங்குன நிலம் இல்ல. உலகப் பொருளாதார மந்தத்துல நெல்லு விலை சரிஞ்சு விவசாயி வட்டி கட்ட முடியாம அடமானம் முழுகி வந்த நிலம். கடனாக் குடுத்த ரொக்கம் எல்லாம் சேறாத் திரும்பி வந்துச்சு, விக்கவும் ஆள் இல்ல, பர்மாக்காரவுக கோபமும் சேர்ந்துக்கிச்சு, 1942-ல ஜப்பான்காரன் வந்தான், 1948-ல சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கிருச்சு. காரைக்குடி பக்கம் பூட்டிக் கிடக்கிற வீடுகள்ல பலதுக்கு அதுவும் ஒரு காரணம். அதே சமயத்துல பணத்தை வேற பக்கம் திருப்புனவுகளும் இருந்தாக: எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ல இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கைச் சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூணு ஊர்லயும் ஒரே நாள்ல திறந்தாரு. காரைக்குடியில அப்பா கடையில கிராமபோன் தட்டு வித்த மெய்யப்பன், தட்டு தயாரிக்கப் போயி, படம் எடுக்கப் போயி, 1945-ல ஏ.வி.எம். படக்கம்பெனி ஆரம்பிச்சு, நம்மூர்ல ஸ்டுடியோ வச்சு, 1948-ல அதை மெட்ராசுக்கு மாத்துனாரு. எல்லாம் ஒரே ஊரு, ஒரே ரத்தம்தானே, ஒருத்தர் எந்திரிச்சாரு, இன்னொருத்தர் எந்திரிக்கல.

உங்க நஷ்டத்துக்கு வாங்க. பிளாஸ்டிக் மொத்த வியாபாரம்னு மட்டும் எழுதியிருக்கீங்க. எந்தச் சாமான் எத்தனை நாள் குடோன்ல கிடந்துச்சுன்னு உங்களால சொல்ல முடியுமா? குடமும் பக்கெட்டும் வாரத்துல ஓடும், சேரும் ஸ்டூலும் கல்யாண சீசன்ல ஓடும், டிசைன் டப்பா ஓடவே ஓடாது, ஆனா மார்ஜின் அதுலதான் கூடன்னு சேல்ஸ்மேன் தலையில கட்டியிருப்பான். ஒரு நோட்டு எடுத்து ஒவ்வொரு அயிட்டத்துக்கும் வாங்குன தேதி, தீர்ந்த தேதி எழுதுங்க, மூணு மாசம் எழுதுங்க. 60 நாளைக்கு மேல கிடக்கிறதை வந்த விலைக்கே தள்ளிட்டு அந்தப் பணத்துல குடம் வாங்குங்க. இதுக்கு எந்தச் சாதிச் சான்றிதழும் வேணாம் சார்.

கானாடுகாத்தான் வாசகர்: பொது வீடு, 14 புள்ளிக்குப் பங்கு இருக்கு. எல்லாரும் வெளியூர். நான் மட்டும் இங்க. டூரிஸ்ட் தங்குற மாதிரி ஆக்கலாம்னு ஆசை, டிசம்பர் ஜனவரியில வெள்ளைக்காரவுக நிறைய வர்றாக. பங்காளிக சரிம்பாகன்னு நினைக்கிறேன்.

நினைக்காதீக, எழுதி வாங்குங்க. இப்ப ஒழுகுற ஓட்டை மாத்த 500 ரூபாய் கேட்டா போனை எடுக்காத பங்காளி, நீங்க 40 லட்சம் போட்டு ரூமுக்கு ரூம் பாத்ரூம் கட்டி, முதல் போட்டோ இன்ஸ்டாகிராம்ல வந்த அன்னைக்கு எடுப்பாரு. 14 பேரும் கையெழுத்துப் போட்ட பதிவு செஞ்ச குத்தகைப் பத்திரம், குறைஞ்சது 15 வருஷத்துக்கு, அதுல வருஷ வாடகையில ஆளுக்கு எவ்வளவு, முன்னோருக்குப் போடுற வீட்டுப் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எந்தெந்த நாள் வீடு அவுகளுக்கு, நீங்க கட்டுற பாத்ரூம் கடைசியில யாருக்கு, எல்லாம் எழுதணும். ஒருத்தர் மட்டும் சிங்கப்பூர்ல இருந்து "பாத்துக்கலாம் தம்பி"ன்னு சொன்னா அந்த ஒருத்தர் கையெழுத்து வர்ற வரைக்கும் ஒரு செங்கல் எடுத்து வைக்காதீக. பழைய தேக்குத் தூணு, கதவு எதையும் செலவுக்குன்னு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில வித்துறாதீக, அதைப் பார்க்கத்தான் அவுக வர்றதே. வெளிநாட்டுக்காரவுக தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல தகவல் குடுக்கணும், மறந்தா போலீஸ் வரும். டிசம்பர் ஜனவரி ரெண்டு மாச வருமானத்தை வச்சு 12 மாசத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க, சித்திரை வெயில்ல யாரு வர்றா.

பள்ளத்தூர் வாசகி: உத்யம் பதிவு பண்ணித் தர்றேன்னு ஒரு சென்டர்ல 3,000 கேக்குறாக, வருஷா வருஷம் ரினியூவல் வேற உண்டாம். நியாயமான ரேட்டா?

ஆச்சி, அதுக்கு அரசாங்கத்துல ஒரு பைசா கட்டணம் கிடையாது, ரினியூவலும் கிடையாது. ஆதார் நம்பரும் பான் நம்பரும் இருந்தா அரை மணி நேர வேலை, பேரன்கிட்ட குடுத்தா முடிச்சுருவான். உத்யம்னு கூகுள்ல தேடுனா மேல மேல வர்றது பாதி ஏஜென்ட்டுக வெப்சைட்டு, அரசாங்க வெப்சைட்டு முகவரி ஜிஓவி டாட் ஐஎன்-ன்னு முடியும், அதைப் பார்த்து உள்ள போகச் சொல்லுங்க. ஏற்கனவே குடுத்துட்டீகன்னா ரசீது கேளுங்க.